மூன்று கைடு வாங்கிய பிறகும் விதி மறக்கிறதா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் பிளஸ் 2 தமிழ் வழியில் படிக்கிறாள். வேதியியல் விதிகளை விடியற்காலையில் எழுந்து மனப்பாடம் செய்கிறாள். ஒரு வாரம் போனால் பாதி மறந்துவிடுகிறது. ஏற்கெனவே மூன்று கைடு வாங்கிவிட்டோம். இப்போது டியூஷனில் நான்காவதாக ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? விதிகளை எப்படித்தான் மனத்தில் நிறுத்துவது?"

வாங்காதீர்கள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு வேண்டிய புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகம் வெளியிட்ட வேதியியல் பாடநூல், இரண்டு தொகுதிகள், மொத்தம் 15 அலகுகள். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் இலவசமாகவே தருகிறார்கள். கிழிந்துவிட்டால் கழகத்தின் இணையதளத்தில் அப்படியே பதிவிறக்கிக்கொள்ளலாம். வினாத்தாள் தயாரிப்பவரும் விடைத்தாள் திருத்துபவரும் மேசைமேல் வைத்திருப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

விதி ஏன் மறக்கிறது? விதியின் வாக்கியத்தை மட்டும் படிப்பதால் மறக்கிறது. ஒரே ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான்காம் அலகு, இடைநிலைத் தனிமங்கள். 4எஸ், 3டி என்பவை அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களின் பெயர்கள். 4எஸ் முதலில் நிரம்பும், பிறகு 3டி என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். குரோமியத்தின் அணு எண் 24. ஆர்கானின் 18 எலக்ட்ரான்கள் போக மீதி 6. ஒப்பித்த விதிப்படி 4எஸ்-இல் 2, 3டி-யில் 4 என்று வர வேண்டும். உண்மையில் 4எஸ்-இல் 1, 3டி-யில் 5. மகளை ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். அவைதாம் 3டி. ஓர் அம்புக்குறி என்றால் ஓர் எலக்ட்ரான். நான்கு கட்டங்களில் ஒவ்வொரு அம்புக்குறி போட்டால் ஒரு கட்டம் காலியாக நிற்கும். பக்கத்தில் 4எஸ் கட்டத்தில் இரண்டு அம்புகள் நெருக்கிக்கொண்டு இருக்கும். அதில் ஒன்று இந்தக் காலிக் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஐந்தும் சரிபாதி நிரம்பிவிடுகின்றன. ஒரே திசையில் சுழலும் எலக்ட்ரான்கள் கூடுவதால், அவை தமக்குள் இடம் மாறிக்கொள்ளும்போது வெளிப்படும் பரிமாற்ற ஆற்றல் கூடுகிறது, அணு நிலைப்புத்தன்மை பெறுகிறது. தாமிரத்திலும் இதே கதைதான். அங்கே 3டி முழுதாக 10 ஆகிவிடும். 3டி வரிசையில் இந்த இரண்டு தனிமங்கள் மட்டுமே விலக்கு. கட்டம் வரைந்து பார்த்தவள் இதை மறக்க மாட்டாள். "குரோமியம், காப்பர் விதிவிலக்கு" என்று ஒரு வரியை மட்டும் உருப்போட்டவள் தேர்வறையில் எது 5, எது 10 என்று குழம்புவாள்.

இதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நிரம்பும்போது 4எஸ் முதலில்; அயனியாகும்போது வெளியேறுவதும் 4எஸ் முதலில். கடைசியாக வந்ததுதான் முதலில் போகும் என்று நினைத்து 3டி-யிலிருந்து எடுத்துவிடும் பிள்ளைகள் ஏராளம். நான் விடைத்தாள் திருத்தப் போன ஓர் ஆண்டில், இரும்பு மூன்று நேர்மின்சுமை அயனிக்கு 3டி-யில் 3, 4எஸ்-இல் 2 என்று ஒரே கட்டு விடைத்தாளில் ஆறு பேர் எழுதியிருந்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே விடை. பிறகுதான் தெரிந்தது, ஒரு கைடில் அப்படி அச்சாகியிருக்கிறது. அந்த ஆறு பேருக்கும் மதிப்பெண் போனது. கைடு விற்றவருக்கு எதுவும் போகவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

கைடில் வேறொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலக் கைடை அவசரமாகத் தமிழாக்கி விற்கிறார்கள். பாடநூலில் "அணைவுச் சேர்மம்" என்று இருப்பது அங்கே வேறொரு பெயரில் இருக்கும். பிள்ளை இரண்டையும் இரண்டு பாடம் என்று நினைத்துப் படிக்கிறது. தமிழ் வழி மாணவர்களுக்கு இது இரட்டிப்புச் சுமை.

டியூஷனில் ஒரு குறிப்பிட்ட கைடின் பெயரோடு கடையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் அங்கே கழிவுத்தொகை கைமாறுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். "இந்த 40 வினாக்கள் போதும், மூன்று பாடத்தை விட்டுவிடலாம்" என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் வினாத்தாள் வடிவமைப்புப் பட்டியல் முன்பு இருந்தது. அதை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். அவற்றில் சில பாடத்தின் நடுவில், எவரும் கோடிடாத வரியிலிருந்து வரும். இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் கட்டாய வினா ஒவ்வொன்று உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு வேறொன்றை எழுத முடியாது. மார்ச் மாதம் நெருங்கும்போது செல்போன் குழுக்களில் வினாத்தாளே கிடைக்கும் என்று பணம் கேட்பவர்களும் கிளம்புவார்கள். பணமும் போகும், வழக்கிலும் சிக்குவீர்கள்.

சூத்திரங்களுக்கு வருகிறேன். வினை நடக்கும் வேகத்தைச் சொல்லும் வேகவியலில், முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய அரைவாழ்காலத்தைப்போல் (பொருளில் பாதி தீர ஆகும் நேரத்தைப்போல்) ஏறக்குறைய 10 மடங்கு நேரம் ஆகும் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் அந்த எட்டு வரிகளையும் உருப்போடுகிறார்கள். ஒரு தோசையைப் பாதி, அதில் பாதி என்று 10 முறை வெட்டினால் மிஞ்சுவது 1024இல் ஒரு பங்கு. அதாவது ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 99.9 சதவீதம் தீர்ந்துவிட்டது. தேர்வில் 2.303 சூத்திரத்தைப் போட்டுத்தான் எழுத வேண்டும். ஆனால் விடை 10 என்று முன்பே புரிந்தவள் நடுவில் வழி தவற மாட்டாள்.

கரிம வேதியியலில் பெயர் வினைகளைத் தனித்தனியே உருப்போட வேண்டாம். ஆல்டிஹைடைப் பார்த்ததும் ஆல்பா ஹைட்ரஜன், அதாவது ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன், இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் ஆல்டால் குறுக்கம், இல்லாவிட்டால் கன்னிசாரோ. அசிட்டால்டிஹைடில் இருக்கிறது, பென்சால்டிஹைடில் இல்லை. பள்ளித் தேர்வுக்கு இது போதும்.

படிக்கும் முறை எளிது. ஒரு விதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் விதியையும் ஓர் உதாரணத்தையும் எழுதட்டும். மறுநாள் ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை, பார்க்காமல். தப்பியதை மட்டும் சிவப்பு மையில் குறிக்கட்டும். பாடநூலின் நடுவே வரும் தன்மதிப்பீட்டுக் கணக்குகளை ஒன்றுவிடாமல் போட வேண்டும். கைடில் பார்த்து எழுதினால் பயனில்லை.

பிளஸ் 1 புத்தகத்தையும் பரணிலிருந்து இறக்குங்கள். ஆக்சிஜனேற்ற எண், வேதிச் சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தைத் தாவிவிடுகின்றன என்பதற்காகத்தான் 2017-18இல் அந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள். தாவுகிறவர்களைக் கேட்க ஆளில்லை; கடைசியில் தடுமாறுவது பிள்ளைதான். நீட் எழுதுவதானால் இந்த இரண்டு ஆண்டுப் பாடநூல்களையும் முடித்த பிறகு என்சிஇஆர்டி புத்தகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குமுன் வேண்டாம்.

வாங்கிய மூன்று கைடுகளில் பிரிக்காதது இருந்தால் கடையில் திருப்பித் தந்துபாருங்கள். இன்று இரவே மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, இரும்பு மூன்று நேர்மின்சுமை அயனியின் எலக்ட்ரான் அமைப்பைக் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். ஐந்து கட்டங்களிலும் ஒவ்வொரு அம்பு நின்று, 4எஸ் காலியாக இருந்தால் அவள் அடுத்த அலகுக்குப் போகலாம்.