ஐஸ்லாந்து போனால் கார் கதவை இரண்டு கையாலும் பிடியுங்கள்

"ஐஸ்லாந்து நிஜமாகவே படங்களில் பார்ப்பது போல இருக்குமா, அவ்வளவு செலவு செய்து போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ போட்ட பச்சை வானத்துப் படத்தையும் டிக்கெட் விலையையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போகலாம். ஆனால் கார் கதவுக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள்.

நாங்கள் போனது 2023 அக்டோபர் முதல் வாரம். நான், மனைவி, மைத்துனன், அவன் மனைவி. நான் இங்கிலாந்தில் வேலை பார்ப்பதால் விமானம் மூன்று மணி நேரம்தான். கெஃப்லாவிக் விமான நிலையத்தில் வாடகைக் காரின் சாவியைக் கொடுத்த பெண், "கதவை எப்போதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திறங்கள்" என்றார். தலையாட்டினோம். எங்கள் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவர் என்ன சொல்வது!

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கிரின்டாவிக் என்ற மீன்பிடி ஊரில், துறைமுகத்தைப் பார்க்கலாம் என்று காரை நிறுத்தினேன். காற்று பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. முன் சீட்டில் இருந்த மைத்துனன் கதவை ஒரு விரற்கடை திறந்திருப்பான், மிச்சத்தைக் காற்று திறந்தது. தகரம் மடங்குகிற சத்தம். கீல் வளைந்து, கதவு போகக் கூடாத தூரம் போய் மட்கார்டில் இடித்து நின்றது. அவன் கைப்பிடியை விடவில்லை, பாதி உடம்பு வெளியே இழுபட்டுக் கிடந்தது. "மாமா, கதவு போச்சு" என்றான்.

வலை அள்ளிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. குனிந்து கீலைப் பார்த்தார், தோளால் ஒரு முட்டு முட்டினார், பூட்டு எப்படியோ கவ்விக்கொண்டது. அப்புறம் பச்சை நைலான் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, கதவின் உள் கைப்பிடியிலிருந்து சீட்டுக் கால் வரை இழுத்துக் கட்டினார். பணம் நீட்டினேன், கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்தால் மாற்றுக் கார் இல்லை, கதவு மூடுகிறதென்றால் ஓட்டுங்கள் என்றார்கள். ஒரு வாரமும் மைத்துனன் டிரைவர் சீட் வழியாகத்தான் ஏறி இறங்கினான்.

"ஓட்டத் தெரியாதவன் நாட்டைக் குறை சொல்கிறான்" என்று கீழே சிலர் எழுதுவார்கள். ஐயா, கார் நின்றுகொண்டிருந்தது. "காப்பீடு எடுக்கவில்லையா?" என்றும் கேட்பார்கள். எடுத்தேன். கல் தெறித்தால் ஒன்று, மணலும் சாம்பலும் பெயின்ட்டைச் சுரண்டினால் ஒன்று என்று எடுத்தேன். காற்றில் கதவு போனால் மட்டும் எதிலும் சேராது என்பது பொடி எழுத்தில் இருந்தது. என் விமான டிக்கெட்டைவிடக் கதவுக்குக் கொடுத்தது அதிகம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். படங்கள் பொய்யில்லை. செல்யாலாண்ட்ஸ்ஃபாஸ் அருவி 60 மீட்டர் உயரம், அதன் பின்னால் நடந்து போகலாம், குற்றாலத்துச் சாரல் நினைவு வந்தது, ஆனால் பல் கிட்டித்துவிடும். ஸ்ட்ரோக்குர் வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை பீறிடும். பீறிடுவதற்கு முன் நீர் நீலக் குமிழாக ஒரு நொடி உப்பி நிற்கும், அந்த நொடிக்காகவே நான்கு முறை நின்று பார்த்தேன். இரவு வானத்தில் பச்சையாக அலையுமே, அந்த வடக்கு ஒளிதான் ஏமாற்றம். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகை போலத் தெரிந்தது, போனில் எடுத்தால் பச்சை. எங்களைவிட எங்கள் போன்கள் நன்றாக ஊர் சுற்றின. ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரையில் அலைக்கு முதுகு காட்டாதீர்கள். நான்கு அலை சாதுவாக வந்துவிட்டு ஐந்தாவது ஆளை இழுக்க வரும், உயிர்கள் போயிருக்கின்றன.

சாப்பாடு விலை கேட்டால் பசி போய்விடும். குட்டி ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனோம். அங்கே ஸ்கீர் என்று கெட்டித் தயிர் மாதிரி ஒன்று கிடைக்கிறது, இனிப்புப் போடாததாகப் பார்த்து வாங்கிப் பால் விட்டுப் பிசைந்தால் அசல் தயிர்சாதம். வெந்நீர்க் குழாயில் அழுகிய முட்டை வாடை வரும். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று என் மனைவி முதல் நாள் பதறிவிட்டாள். பூமிக்கடியிலிருந்து வரும் கந்தக வாடை அது. குளிர்ந்த குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் இனிஷியல். இந்த ஒரே காரணத்தால் வங்கி, விசா, விமானம் என்று 11 வருடமாகப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு போர்டிங் பாஸில் என் பெயர் இரண்டு தடவை அடித்து வந்தது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கும் அப்பா பெயர்தான், மகனென்றால் 'சோன்', மகளென்றால் 'தோத்திர்' சேரும். டெலிபோன் டைரக்டரி அச்சில் வந்த காலத்தில் அதுவே முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது. விடுதிக்காரம்மா என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "அப்பா பெயரா? எங்களுக்கும் அப்படித்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மற்ற நாடுகளில் படிவம் தயாரிப்பவர்களை அங்கே ஒரு மாதம் அனுப்பிவைக்க வேண்டும்.

நாங்கள் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். கிரின்டாவிக்கில் தொடர்ந்து நிலநடுக்கம், எரிமலைக் குழம்பு ஊருக்கு அடியிலேயே வந்துவிட்டது என்று நவம்பர் 10 இரவோடு இரவாக ஊரையே காலி செய்தார்கள். 2024 ஜனவரி 14 அன்று ஊர் ஓரத்தில் தரை பிளந்து, வழிந்த குழம்பில் மூன்று வீடுகள் எரிந்தன. மைத்துனன் அந்த வீடியோவை அனுப்பி, "மாமா, கயிறு கட்டிவிட்டாரே, அவர் வீடு எந்தப் பக்கம்னு கேட்டோமா?" என்று எழுதியிருந்தான்.

கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.