ரோல்பேக் உரிமைக்கு விலை கிடையாது

கேள்வி: ஆங்கில விக்கிப்பீடியாவில் எட்டு மாதமாக எழுதுகிறேன். 600 தொகுப்புகள் (கட்டுரைகளில் செய்யும் மாற்றங்கள்) ஆகிவிட்டன. விசமத் தொகுப்புகளை, அதாவது வேண்டுமென்றே பக்கத்தைக் கெடுக்கும் மாற்றங்களை, ஒரே அழுத்தில் நீக்க உதவும் ரோல்பேக் உரிமை கேட்டேன், மறுத்துவிட்டார்கள். "எனக்கு நிருவாகியைத் தெரியும், 8,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்று டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த உரிமையை எந்த நிருவாகியும் (கூடுதல் அதிகாரம் உள்ள தன்னார்வலர்) இலவசமாகத் தரலாம், தவறாகப் பயன்படுத்தினால் உடனே பறிக்கலாம். யார், யாருக்கு, என்றைக்குக் கொடுத்தார் என்பது பொதுப் பதிவேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த ஆள் நிருவாகி என்றால், தன் கணக்கிலிருந்தே உங்கள் பேச்சுப் பக்கத்தில் (மற்றவர்கள் உங்களுக்குச் செய்தி எழுதும் பக்கம்) ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டார். அடுத்து உங்கள் கடவுச்சொல்லைக் கேட்பார். நல்ல பெயருள்ள பழைய கணக்குக்குச் சந்தை உண்டு. கம்பெனிகளுக்கு விளம்பரக் கட்டுரை ஏற்ற அதுதான் தேவை. 2015இல் 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியா ஒரே சமயத்தில் முடக்கியது. கட்டுரையைக் காப்பாற்றித் தருகிறோம் என்று வணிகர்களிடம் பணம் பறித்த கும்பலின் கணக்குகள் அவை.

இனி, ஏன் மறுத்தார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலும் எண்ணிக்கை காரணமாக இருக்காது. கட்டுரைகளில் சுமார் 200 தொகுப்பு, அண்மையில் ஒரு மாதமாவது விடாமல் செய்த காவல் வேலை (புதிய மாற்றங்களைப் பார்த்து விசமத்தை நீக்குவது), இதுதான் நடைமுறை அளவு. வழிகாட்டியோ "நிலையான எண் இல்லை" என்று மழுப்பும். உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தால் பாதி விண்ணப்பங்கள் வராமலே போகும், மறுக்கப்பட்டவரும் ஒற்றை வரிக் குறிப்பை வைத்துக்கொண்டு குழம்ப மாட்டார்.

நிருவாகி உங்கள் பங்களிப்புப் பட்டியலைத் திறந்து பார்ப்பது இதைத்தான்: விசமத்தை நீக்கிய கையோடு, செய்தவரின் பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை வைத்தீர்களா? பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். விருப்பத்தேர்வுகளில் கருவிகள் பகுதிக்குப் போய் 'ட்விங்கிள்' என்ற துணைக்கருவியை இயக்குங்கள். அதன் வழியாக விசமத்தை மீளமைத்தால் (பக்கத்தைப் பழைய நிலைக்குத் திருப்பினால்) அந்தப் பேச்சுப் பக்கமே திறக்கும். முதல் படி எச்சரிக்கையில் தொடங்கி நான்காம் படிவரை போங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் விசமிகளுக்கான புகார்ப் பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, எதை விசமம் என்கிறீர்கள் என்பது. 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். வெளிப்படையான விசமத்துக்கு விலக்கு உண்டு. இந்த "வெளிப்படையான" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தை முழுதாக அழித்து ஒரு கெட்ட வார்த்தையை வைத்திருந்தால் அது வெளிப்படை. ஒருவர் தன் சாதிக் கட்டுரையில், மேற்கோள் எதுவும் இல்லாமல், "இவர்கள் அரச பரம்பரை" என்று சேர்த்தால் அது வெளிப்படையல்ல. அவர் அதை உண்மையென்றே நம்பி எழுதுகிறார். அங்கே விலக்கு செல்லாது, ரோல்பேக்கும் கூடாது. காரணத்தைச் சுருக்கக் குறிப்பில் எழுதிக் கையால் மீளமையுங்கள், பிறகு கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். அவர் மூன்று முறை திருப்பிச் சேர்த்தாலும் அது விசமமாகிவிடாது, அது சர்ச்சை. தவறான மக்கள்தொகை எண்ணும் அப்படித்தான். நடிகரின் பிறந்த ஆண்டை மாற்றுவதும் அப்படித்தான், ஒரே ஆள் பத்துப் பக்கங்களில் வரிசையாக மாற்றிக்கொண்டே போனாலொழிய.

ரோல்பேக் ஒரே அழுத்தில் ஒருவர் அந்தப் பக்கத்தில் கடைசியாகத் தொடர்ந்து செய்த எல்லாத் தொகுப்புகளையும் தூக்கிவிடும், விளக்கம் கேட்காது. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

இப்படி ஒரு மாதம் வேலை செய்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். போன முறை சொன்ன குறையைக் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு செய்தவற்றை இரண்டு வரியில் எழுதினால் போதும். நிருவாகி தயங்கினால் தற்காலிக அனுமதி கேளுங்கள், தருவதுண்டு. பதில் வரப் பல நாள் ஆகலாம். பார்ப்பவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாதவர்கள், ஆளும் குறைவு. காத்திருப்பவருக்கு "வரிசையில் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதக்கூடவா ஆள் இல்லை?

டெலிகிராம் ஆளிடம் கடவுச்சொல்லைச் சொல்லியிருந்தால் இன்றே மாற்றுங்கள். விருப்பத்தேர்வுகளில் உள்ள மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். கடவுச்சொல் மீட்புக் கடிதம் அங்கேதான் போகும்.