55 சதவீத போர்பனில் மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: மேக்கர்ஸ் மார்க் போர்பனின் (பெரும்பாலும் சோளத்தில் காய்ச்சும் அமெரிக்க விஸ்கி) உட் ஃபினிஷிங் சீரிஸின் 2023ஆம் ஆண்டு பாட்டில், ‘பிஇபி’, பரிசாக வந்தது. வழக்கமான மேக்கர்ஸ் மார்க் எனக்குப் பிடிக்கும். ஆனால் இது முதல் மிடறிலேயே தொண்டையை எரித்தது, மர வாசம் எதுவும் பிடிபடவில்லை. ஐஸ் போட்டுக் குடிக்கலாமா?

பதில்: ஐஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் லேபிளில் உள்ள எண்ணைப் பாருங்கள். 110.7 ப்ரூஃப், அதாவது அதில் பாதி, 55.35 சதவீத ஆல்கஹால். நீங்கள் பழகிய பாட்டில் 45 சதவீதம்தான். அந்தப் பத்துச் சொச்சம்தான் உங்கள் தொண்டையை எரித்தது. மரம் உள்ளேதான் இருக்கிறது, ஆல்கஹால் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது.

பெயரே அதைத்தான் சொல்கிறது. பிஇபி என்றால் பேரல் என்ட்ரி ப்ரூஃப், பீப்பாயில் ஊற்றும்போது இருக்கும் வீரியம். அமெரிக்கச் சட்டம் 125 ப்ரூஃப் வரை விடுகிறது. கென்டக்கியின் லொரேட்டோவில் இருக்கும் இந்த ஆலை 110இலேயே நிறுத்திவிடுகிறது. நீர் கூடுதலாக இருந்தால் மரத்தின் சர்க்கரைகள் நன்றாகக் கரைந்து இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. முதிர்ந்த போர்பனுக்குள் வறுத்த அமெரிக்க ஓக் மரப் பலகைகளை இறக்கி மறுபடி ஊற வைத்ததுதான் உங்கள் பாட்டில்.

சரி, எப்படி ருசிப்பது? தனியாக வேண்டாம், பக்கத்தில் சாதாரண மேக்கர்ஸ் மார்க் ஒன்று இருக்கட்டும். வாய் குறுகிய இரண்டு கிளாஸ்களில் 30 மில்லி வீதம் ஊற்றுங்கள். பிஇபி கிளாஸில் மட்டும் 7 மில்லி தண்ணீர், அதாவது ஒன்றரை டீஸ்பூன். இப்போது இரண்டுமே கிட்டத்தட்ட 45 சதவீதம். தானியக் கலவையும் ஒன்றேதான்: சோளம் 70, கோதுமை 16, பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லி) 14. ஆகவே இனி தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு மரத்துடையது. லேபிளில் இருக்கும் வாசனைப் பட்டியலை மட்டும் முன்கூட்டிப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் மூக்கு அதையே ஒப்பிக்கும்.

பத்து நிமிடம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கை கிளாஸுக்குள் திணிக்க வேண்டாம். வறுபடும் ஓக்கில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உடைந்து வெனிலா வாசமாகிறது. கூடவே பாகு காய்ச்சும் வாசமும், அமெரிக்க ஓக்குக்கே உரிய வறுத்த தேங்காய் வாசமும் வரலாம். முதல் வாய் நாக்கைப் பழக்க மட்டும்தான், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதை மெல்லுவதுபோல் வாய்க்குள் உருட்டி விழுங்குங்கள். இது கோதுமை சேர்த்த போர்பன், ரை என்ற தானியம் சேர்த்த போர்பனில் வரும் மிளகுக் காரம் இதில் இராது. காரம் இல்லாததால் மரத்தின் துவர்ப்பு மறைய இடமில்லை. விழுங்கிய பிறகு ஈறோரம் பாக்கு மென்றதுபோல் இழுக்கிறதா? அதுதான் ஓக் பலகைகள் விட்டுப்போன தடம். சாதாரண பாட்டிலில் அந்த இழுப்பு குறைவு.

அப்புறம் தண்ணீர் கலக்காமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், இப்போது எரிச்சலையும் தாண்டி மரம் தெரியும். ஐஸ் வாசனையை அமுக்கிவிடும், ருசி பார்த்து முடிந்தபின் ஒரே ஒரு பெரிய கட்டியாகப் போடலாம். பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். ஒயின்போல் படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.