லேப்டாப் திருடு போனால் கோப்புகளைக் காப்பாற்ற விண்டோஸ் பாஸ்வேர்டு போதுமா?

போதாது. நானும் போதும் என்று நம்பியிருந்தவன்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. சாட்ஸ்வர்த்தில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி, ரிமோட்டை அழுத்திவிட்டு உள்ளே போனேன். பத்து நிமிடம்தான். திரும்பி வந்தால் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, சீட்டுக்கு அடியில் வைத்த பையைக் காணோம். இங்கே இது அடிக்கடி நடப்பது: நாம் பூட்டும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவன் கேட் ரிமோட்டை அழுத்திப் பிடிப்பான், நம் சிக்னல் காருக்கு எட்டாது, கார் பூட்டவே பூட்டாது. கைப்பிடியை இழுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

போலீசில் வழக்கு எண் வாங்கிக் கொடுத்ததும் காப்பீட்டுப் பணம் வந்துவிட்டது. ஆனால் அந்த லேப்டாப்பில் என்னை நம்பிக் கொடுத்தவர்களின் 13 இலக்க அடையாள எண்கள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாம் இருந்தன. இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி (போப்பியா என்பார்கள்) சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒரு வயதான அம்மா, "என் பேர்ல எவனாச்சும் கடன் வாங்கிடுவானாப்பா?" என்று கேட்டார். வாங்க மாட்டான் என்று அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

பாஸ்வேர்டு விண்டோஸின் வாசலை மட்டும்தான் காக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே திறக்கும். அதனால் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வையுங்கள். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் என்றால் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா பாருங்கள். பல லேப்டாப்களில் உண்டு. மேக்கில் ஃபைல்வால்ட். எதுவும் இல்லாத பழைய மெஷினுக்கு வெராகிரிப்ட், இலவசம்.

பிட்லாக்கர் போட்டாலும் பாஸ்வேர்டில் அலட்சியம் வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன் செய்ததும் டிஸ்க் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு காவல் நிற்பது அந்த பாஸ்வேர்டுதான். வெளியே எடுத்துப் போகும்போது மூடி மட்டும் வைக்காதீர்கள், ஷட்டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் இருந்தால் சாவி மெமரியிலேயே கிடக்கும்.

இன்னொன்று, பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று தரும். மதர்போர்டு மாற்றினால் அதைக் கேட்கும். இல்லாவிட்டால் உங்கள் கோப்பு உங்களுக்கே திறக்காது. அச்சிட்டு வீட்டில் வையுங்கள், லேப்டாப் பையில் மட்டும் வேண்டாம். என்னுடையது பூஜை அலமாரியில், காப்பீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.

ஏற்கெனவே திருடு போய்விட்டது என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வேறொரு கணினியிலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, அந்தக் கணக்கை எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். வங்கிக்கு அடுத்த போன்.