வாசகர் கேள்வி பதில்: ஏட்டிலிருந்து எழுந்த வாள்

கேள்வி: என் மகனுக்கு வயது 19. தமிழ்ப்பள்ளியில் படித்த நாளிலிருந்தே சிலம்பம் பழகியவன். இப்போது ஞாயிறுதோறும் ஐரோப்பியரின் பழைய நெடுவாள் பயிற்சி என்று நண்பர்களோடு போய்வருகிறான். இது உண்மையான தற்காப்புக் கலைதானா? விளையாட்டுப் போட்டிகளில் பார்க்கும் வாள்வீச்சிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?
(செந்தூலிலிருந்து ஒரு தந்தை)

பதில்: கலைதான் ஐயா, அதில் ஐயம் வேண்டாம். போட்டி வாள்வீச்சு 14 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய தளத்தில் முன்னும் பின்னுமாக நகர்ந்து ஆடப்படுவது. வாள் பட்டதை மின்கருவி பதிவு செய்யும். உங்கள் மகன் கற்பதில் பக்கவாட்டில் விலகுவதும், எதிராளியின் கைப்பிடியைப் பற்றுவதும், நெருங்கிவிட்டால் மல்லுக்கட்டிச் சாய்ப்பதும் அடக்கம்.

ஆனால் சிலம்பத்துக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சிலம்பம் ஆசானிடமிருந்து மாணவனுக்குக் கைமாறி வந்தது. ஐரோப்பாவில் துப்பாக்கி பெருகி, போர்முறையும் மாறியபின், நெடுவாள் கற்பித்தோரின் வரிசை அறுந்துபோயிற்று, எஞ்சியவை ஏடுகளே. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோகான்னஸ் லீக்டனவர் என்னும் செருமானிய ஆசான் தம் வித்தையைப் பிறர் எளிதில் அறியாதபடி மறைபொருள் நிறைந்த செய்யுளாக விட்டுச்சென்றார். அடுத்த நூற்றாண்டில் சிக்மண்ட் ரிங்கெக் போன்றோர் அதற்கு வரிவரியாக உரை எழுதினர். சித்தர் பாடலின் பரிபாஷையை உரையின்றித் திறக்க முடியாது என்பதை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. இன்று இக்கலையைப் பழகுவோர் மூலத்தையும் உரையையும் ஒப்பிட்டுப் படித்து, படித்ததை உடலால் செய்துபார்த்து, பொருந்தாவிட்டால் மீண்டும் ஏட்டுக்கே திரும்புகிறார்கள். இந்த உழைப்புதான் என்னை இக்கலையின் பக்கம் ஈர்த்தது.

கோலாலம்பூரில் வாடகைக்கு எடுத்த பூப்பந்துக் கூடமொன்றில் இதை நேரில் கண்டேன். ஒருவர் தோளுக்கு மேலிருந்து சாய்வாக வெட்ட, மற்றவர் அதே சாய்வில் எதிர்த்து வெட்டினார். இதற்குச் ‘சினவெட்டு’ என்று பொருள்படும் பெயரை ஏடு தருகிறது. இரண்டு வாள்களும் உரசி நின்ற அந்தக் கணத்தில் இருவரும் விலகவில்லை. எதிர்வாள் தளர்ந்திருக்கிறதா, அழுத்துகிறதா என்பதை உள்ளங்கையால் அறிந்து, தளர்ந்திருந்தால் முனையை நேரே முகத்துக்குச் செலுத்துவதும், அழுத்தினால் அவ்விசையோடு மல்லாடாமல் வாளை மறுபக்கம் கொண்டுசெல்வதும் ஏடு சொல்லும் முறை. அதே அசைவை அவர்கள் இருபது முறைக்குமேல் மெதுவாகச் செய்து பார்த்தார்கள். நெடுவாளைத் தூக்கமுடியாத இரும்புச் சுமை என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்டதுதான்.

சிலம்பத்தில் பழகிய காலடி உங்கள் மகனுக்குப் பெருந்துணையாக இருக்கும். ஆனால் கம்புக்குக் கூர்விளிம்பு கிடையாது. எந்தப் பக்கம் பட்டாலும் அடி அடிதான். வாளோ, அதன் கூர்விளிம்பு வீச்சின் திசையோடு ஒத்துவராவிட்டால் வெட்டாது, தட்டையாகத்தான் படும். கம்பைச் சுழற்றிப் பழகிய கைக்கு இந்தக் கட்டுப்பாடு வர மாதங்கள் ஆகும். அதுவரை அவரை அவசரப்படுத்தவேண்டாம். சிலம்பத்தை விட்டுவிடவும் சொல்லவேண்டாம்.

கேள்வி: பினாங்கில் எனக்கு அருகே கற்பிப்பவர் யாரும் இல்லை. நூலைப் பார்த்தே தொடங்கலாமா? பெண்களுக்கு இக்கலையில் இடம் இருந்ததா?
(ஜார்ஜ் டவுன் கல்லூரி மாணவி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை உண்டு. இக்கலைக்குக் கிடைத்துள்ள ஏடுகளுள் மிகப் பழையது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள ராயல் ஆர்மரிஸ் காட்சியகத்துக்கு உரியது. ஒற்றைக்கை வாளும் சிறு கைக்கேடயமும் ஏந்தி ஒரு பாதிரியார் மாணவனுக்குப் பயிற்றுவிக்கும் படங்கள் நிறைந்த அந்த ஏட்டின் கடைசிப் பக்கங்களில், வால்புர்கிஸ் என்ற பெண் வாளேந்தி நிற்கிறாள்.

நூலைப் பார்த்துத் தொடங்கலாம். ஆனால் தனியாக வேண்டாம். மூலஏடுகளின் படங்களும் மொழிபெயர்ப்புகளும் விக்டனவர் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏடு விட்டுச்சென்ற ஆசான்களுள் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு அவர் நூலிலேயே நில்லுங்கள். படம்பார்த்துக் கற்பவருக்கு நான் பரிந்துரைப்பது, 1410ஐ ஒட்டித் தம் நூலைத் தொகுத்த இத்தாலிய ஆசான் ஃபியோரே தெய் லிபெரியை. மனித உருவைச் சுற்றி நான்கு விலங்குகளை வரைந்து, வாள்வீரனுக்கு வேண்டிய பண்புகளை அவர் விளக்குகிறார்: கணிப்புக்குக் காட்டுப்பூனை இனமான லின்க்ஸ், விரைவுக்குப் புலி, துணிவுக்குச் சிங்கம், உறுதிக்கு முதுகில் கோட்டை சுமக்கும் யானை. அந்தப் படத்தில் யானை நிற்பது மனித உருவின் காலடியில். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்: முதல் மாதம் வாளில்லாமல் நடை, அடுத்து மரவாளோடு ஒரு தோழியும் நீங்களும், ஒருவர் வாசிக்க மற்றவர் செய்வதாக. இடைக்காலத்திலிருந்து அறுபடாத பரம்பரை தமக்கு உண்டென்று எவராவது சொன்னால், நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: பயிற்சி வாளை எல்ஆர்டி ரயிலில் எடுத்துச்செல்லலாமா?
(பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: கவனம் தேவை. நம் மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டப்படி, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது கடுங்குற்றம். மழுங்கிய உருக்கு வாளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முன்பே காவல்துறையிடமும் சுங்கத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு நைலான் வாள் போதும்; அதையும் பையில் மூடியே கொண்டுசெல்லுங்கள். பணத்தை முதலில் முகக்கவசத்துக்கும் பின்தலைக் காப்புக்கும் தடித்த கையுறைக்கும் செலவிடுங்கள். இந்தப் பயிற்சியில் விரல்களுக்குத்தான் முதலில் அடிவிழும். நம் வெயிலில் பஞ்சடைத்த அங்கியை அணிந்தால் கால்மணி நேரத்திலேயே உடல் நனைந்துவிடும். ஆகவே மாலை ஏழு மணிக்குப் பிறகு, மின்விசிறியுள்ள கூடத்தில் பழகுங்கள்.