பி.பி. என்று சொல்லிவிட்டேன், ஆச்சி!

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு 47 வயது. காரைக்குடிப் பக்கம் கூட்டுக் குடும்பம். எட்டு மாதமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை, ராத்திரியில் திடீரென்று உடம்பு காந்துகிறது, ஜாக்கெட் நனைந்து விழித்துக்கொள்கிறேன். சொந்தத்தில் ஒரு சாந்திக்கு (அறுபதாம் கல்யாணம்) போய்ப் பந்தியில் பரிமாறும்போது முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அயித்தை (மாமியார்) கேட்டதும், பி.பி. என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு உப்பில்லாச் சாப்பாடுதான். கோவையில் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருந்தபோது, எல்லோரும் சாப்பிடுகிற இடத்தில், மாமனார் முன்னாலேயே, "அம்மாவுக்கு பி.பி. இல்லை, மெனோபாஸ்" என்றாள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. கண்டபடி திட்டினேன். அவளும் பேசாமலேயே ஊருக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் இப்படிப் போட்டு உடைக்கத்தான் வேண்டுமா, ஆச்சி?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் ஆத்தாவின் ஞாபகம்தான் வந்தது. எனக்கு அப்போது பதினாறு பதினேழு வயதிருக்கும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போனால், வீட்டின் உள்பக்கம் இரண்டாம் கட்டில் ஆத்தா தரையில் உட்கார்ந்து, தண்ணீர் நிரப்பி வைத்த பித்தளை அண்டாவில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் சூடாகிவிட்டால் முகத்தைத் திருப்பி மறு கன்னத்தை வைப்பார்கள். "என்ன ஆத்தா?" என்றால் "புழுக்கம், நீ போய்ப் படு" என்பார்கள். மார்கழி மாதத்தில் என்ன புழுக்கம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு 49 வயதில் அதே போல் வந்தபோதுதான் விளங்கியது, அப்போது கேட்பதற்கு ஆத்தா இல்லை.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. "அவளுக்கு நின்னு போச்சு, பொங்கல் வைக்க அவளைக் கூப்பிடு", "இனிமே நாள் பார்க்க வேண்டாம், பழனிக்கு நடந்துரலாம்" என்று எத்தனை ஆச்சிமார்கள் முகப்பிலேயே உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தீட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்வதற்கு யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் அது நிற்பதற்கு முன்னும் பின்னும் அந்த உடம்பு படுகிற பாட்டை, தூக்கம் போனதை, காரணமில்லாமல் அழுகை வருவதை, எலும்பு தேய்வதை யாரும் சொல்ல மாட்டார்கள். கோயிலுக்கு ஆகுமா ஆகாதா என்பது ஊருக்கே தெரியும், உடம்புக்கு என்ன செய்கிறது என்பது கூடப் படுத்திருக்கிற புருஷனுக்குக்கூடத் தெரியாது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

சரி, உங்கள் மகள் விஷயம். அவள் சொன்ன வார்த்தை சரி, சொன்ன இடம்தான் சரியில்லை. உங்கள் உடம்பைப் பற்றி யாரிடம் எப்போது பேசுவது என்பது உங்கள் விருப்பம், நான்கு பேர் சாப்பிடும் இடத்தில் இன்னொருவர் சொல்வதற்கில்லை. அதற்காக அவளைத் திட்டியதும் நியாயமில்லை. இல்லாத நோய்க்கு அம்மா உப்பில்லாமல் சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சொல்லியிருக்கிறாள், வேறெதற்கு?

உங்கள் பொய்யில் வெட்கத்தைவிட ஆபத்து அதிகம். நாளைக்கே யாராவது வீட்டில் கிடக்கும் பி.பி. மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? முதலில் நிஜமாகவே பி.பி. பார்த்துவிடுங்கள், இந்த வயதில் அதுவும் கூடவே வரலாம். தைராய்டும் பாருங்கள், ஏனென்றால் அதிலும் இதே மாதிரி வியர்வை, படபடப்பு, மாதவிலக்குக் கோளாறு எல்லாம் உண்டு.

நடப்பது இதுதான். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கி, மெல்லக் குறைகிறது. அதனால் மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற பகுதி தடுமாறி, கொஞ்சம் சூடு ஏறினாலே பெரிய காய்ச்சல்போல எடுத்துக்கொண்டு, வியர்வையைக் கொட்டி ஆற்றப் பார்க்கிறது. அடுப்பு, காபி, காரம், கவலை எல்லாம் அதைக் கிளப்பிவிடும். பந்தியில் உங்களுக்கு வேர்த்ததில் அதிசயமே இல்லை. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு, நீங்கள் அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறீர்கள். இந்தக் கட்டம் சிலருக்குப் பல வருஷம் இழுக்கும், கர்ப்பம் தரிக்க வாய்ப்பும் இன்னும் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நிக்கப்போற நேரத்துல அப்படித்தான் போகும்" என்று கட்டிகட்டியாகப் போவதைப் பொறுத்துக்கொண்டு, ரத்தம் இல்லாமல் வெளுத்துப்போய் டாக்டரிடம் வருகிற பெண்கள் நம் ஊரில் நிறைய. ஒரு வருஷம் நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டிவிட வேண்டும், கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு அது முதல் அடையாளமாக இருக்கக்கூடும். அப்புறம், "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கர்ப்பப்பையை எடுத்தால் இந்தக் காந்தல் போகாது, சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் ஒரே நாளில் மொத்தமாக வந்துவிடும்.

இந்தக் காந்தலுக்குத் தருகிற ஹார்மோன் மாத்திரை என்றாலே பயம் வேண்டாம். 2002இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வால் உலகமே பயந்தது, இப்போது 60 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான பெண்கள் பலருக்கு அதில் நன்மையே கூடுதல் என்கிறார்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாக ஆகாது. டாக்டர் பார்த்துத் தர வேண்டியது, மருந்துக்கடையில் நீங்களாக வாங்குவது கூடாது.

யாரிடம் சொல்வது? முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம். "கடையிலிருந்து வந்ததும் தூங்கிவிடுவார்" என்று ஒரே வரியில் அவரை முடித்துவிட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எனக்கு நிக்கிற காலம் வந்திருச்சு, ராத்திரி தூக்கமில்ல, கோவம் வருது, அது உங்க மேல இல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே வறட்சியால் வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்கு களிம்பு இருக்கிறது, அவரோ உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அயித்தையிடம் அறிவிக்க வேண்டாம், கேளுங்கள். "அயித்தை, உங்களுக்கு எந்த வயசுல நின்னுச்சு? ராத்திரி வேர்க்குமா?" கேட்டுப் பாருங்கள், முப்பது வருஷமாக யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் ஆத்தாவிடமும் கேளுங்கள், தாய்க்கு நின்ற வயதை ஒட்டித்தான் பெரும்பாலும் மகளுக்கும் வரும். மாமனாரிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பி.பி. பார்த்தோம், சரியாக இருக்கிறது என்று அயித்தை சொல்லிக்கொள்வார்கள்.

மகளுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். "நீ சொன்னது சரிதான், ஆனா என்கிட்ட கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றால் அவளுக்குப் புரியும்.

டாக்டரிடம் போகும்போது கடைசியாக வந்த தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துப்போங்கள். உங்கள் ஓர்ப்படியாளுக்கு 44 என்று எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தில் மூன்று இடத்தில் "அவளும் இப்போதெல்லாம் சரியாகத் தூங்குவதில்லை" என்று வேறு வருகிறது. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.