மண்ணுக்குள் பூச்சி தேடும் மகளுக்கு என்ன படிப்பு?

மகள் மண்ணையும் சருகையும் டப்பா டப்பாவாக வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், பள்ளி முடிக்கும் நேரத்தில் இது தேவையா, இதில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். ஆனால் பூச்சி பிடிப்பதற்கு மட்டும் யாரும் சம்பளம் தரமாட்டார்கள். இரண்டு இடத்து மண்ணை ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கணக்கோடு சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை. மகளுக்கு அந்தப் போக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மரத்தடி, புல்வெளி, உழுத நிலம் என்று எங்கே மண் எடுத்தாலும் ஒரே ஆழத்தில், ஒரே அளவு எடுக்கிறாளா? குப்பிக்குள் இடமும் தேதியும் எழுதிய சீட்டு போடுகிறாளா, அதுவும் பென்சிலில்? (பூச்சி கெடாமலிருக்கக் குப்பியில் ஊற்றும் எத்தனால் என்ற ஆல்கஹாலில் பேனா மை பெரும்பாலும் கரைந்துவிடும்.) பூரானும் மரவட்டையும் கண்ணுக்கே தெரியும். மண் உண்ணிகளும் ஸ்பிரிங்டெயில்கள் எனப்படும் இறக்கையில்லாத குட்டி மண்ணுயிர்களும் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டருக்குள்தான். அவற்றுக்கு பெர்லீஸ் புனல் வேண்டும். புனலுக்குள் வைத்த சல்லடைமேல் மண்ணைப் பரப்பி, மேலே பல்பை எரியவிட்டால், காயும் மண்ணை விட்டு அவை கீழே இறங்கிக் குப்பியில் விழும். இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லீஸ் 1905-இல் சுடுநீரின் சூட்டை வைத்து அறிமுகப்படுத்திய முறை, பின்னால் பல்புக்கு மாறி இன்றும் ஓடுகிறது.

தரைமட்டத்துக்குக் கோப்பையைப் புதைத்துவைக்கும் குழிப்பொறியும் உண்டு. அதில் நிறைய வண்டு விழுந்தால் நடமாட்டம் அதிகம் என்றுதான் பொருள், அங்கே வண்டுகளே அதிகம் என்று சொல்லிவிட முடியாது. இதை அவளாகவே சொன்னால் நீங்கள் கவலையை விடலாம்.

வேலைக்கு வருவோம். ஃபோல்சோமியா காண்டிடா என்ற ஸ்பிரிங்டெயிலை வைத்து மண்ணின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 11267 என்ற சர்வதேசத் தரமுறையே இருக்கிறது. பூச்சிக்கொல்லிப் பாதுகாப்பு ஆய்வகங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், வேளாண் ஆராய்ச்சி எல்லாம் இந்தத் திறமை செல்லும் இடங்கள். இனங்களை அடையாளம் காணும் வகைப்பாட்டியலில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

படிப்பு விலங்கியலோ வேளாண்மையோ சுற்றுச்சூழல் அறிவியலோ, எதுவானாலும் சரி. புள்ளியியலை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். இந்த ஆர்வத்தோடு வரும் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். ஆராய்ச்சிப் பக்கம் போவதானால் முதுநிலை வரை படிக்க வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

அப்புறம், புனலின் மேலே சூடான பல்பு, நடுவில் காய்ந்த சருகு, கீழே எளிதில் தீப்பற்றும் எத்தனால். குறைந்த வாட் பல்பைச் சருகில் படாமல் தொங்கவிடச் சொல்லுங்கள். படுக்கையறையில் மட்டும் வேண்டாம்.